சீட்டில் ஒட்டிய மணல்

இந்தக் கல்லில் உட்காருங்கள் தம்பி. துண்டு விரித்திருக்கிறேன், பேண்டில் கறை படாது. இது சாதாரணக் கல் இல்லை, என் மனையின் எல்லைக் கல். இதைப் போல இன்னும் மூன்று இருக்கின்றன. பெண்கள் இரண்டு பேரும் அந்தக் கோடிக் கல்லைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். செண்பகத்துக்கு அந்தக் கல்லைக் காட்டுவதில் இவ்வளவு ஆர்வம் இருக்கும் என்று எனக்கே தெரியாது. காரை நிறுத்தியதும் உங்கள் வீட்டம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

மனை எப்படி? கிழக்குப் பார்த்தது. தார்ச்சாலையை ஒட்டியது. பின்னால் தெரிகிற தென்னந்தோப்பைத் தாண்டினால் கடல். கடலுக்குக் கூப்பிடு தூரம் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆமாம், அந்தச் சத்தம் கடல்தான். அது எப்போதும் அப்படித்தான் சத்தம் போடும். இல்லை, நான் அந்தப் பக்கம் போனதில்லை. மனை இந்தப் பக்கம்தானே இருக்கிறது?

உங்களுக்கு மனசுக்குள் ஒரு வருத்தம் இருக்கும். காலையில் காரில் ஏறும்போதே ஷூவையும் செருப்பையும் கழற்றி மஞ்சள் பையில் போடச் சொன்னேன் அல்லவா? என் மகன் நிர்மல் போனில் எவ்வளவு சொன்னான். "அப்பா, எங்க ஆபீஸ் ஃப்ரெண்டும் அவர் ஒய்ஃபும் போர்ட் பிளேர் வர்றாங்க. ஒரே ஒரு நாள்தான். நம்ம கார்ல தீவைச் சுத்திக் காட்டுங்கப்பா" என்றான். அப்படி வந்தவர்களை வெறுங்காலோடு உட்கார வைக்கலாமா? வைக்க வேண்டியிருக்கிறது. காரணத்தைக் கேட்டால் நீங்களே என் பக்கம்தான் பேசுவீர்கள்.

போன தை மாதம் என் சித்தி மகள் மனோன்மணி வந்திருந்தாள். கூட அவள் கணவர், சிங்காரவேலு மாப்பிள்ளை. தர்மபுரிக்காரர்கள். மாப்பிள்ளை மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேச மாட்டார். மனோன்மணி ஆரம்பப் பள்ளி டீச்சர். அவளும் ஓய்வு பெற்றுவிட்டாள். ஓய்வு என்றால் என்ன ஓய்வு, இப்போது சென்னையில் மகள் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்கிறாள். மகளிடம் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு வந்தாளாம். ஒரு நாள் சாயங்காலம் வந்து இறங்கினார்கள். நடுவில் ஒரு முழு நாள். அதற்கு மறுநாள் காலையில் திரும்ப விமானம்.

வந்து உட்கார்ந்ததும் மனோன்மணி சொன்னாள்: "அண்ணே, எனக்குக் கோயில் குளம், கடை கண்ணி எதுவும் வேண்டாம். கடல்ல ஒரு தடவ காலை நனைச்சிடணும். அவ்வளவுதான்."

"நீ கடலே பார்த்ததில்லையா?" என்று கேட்டேன்.

"எங்கண்ணே பார்த்தேன்? மெட்ராசுக்குப் போனதெல்லாம் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். இப்ப அங்கேயே இருக்கேன், பேரன் விட்டாத்தானே. இன்னைக்கு பிளேன்ல பார்க்கலாம்னா நம்ம ஜன்னலுக்கு நேரா இறக்கை. மூணாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்லிக் கொடுத்தேன், நான்கு பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலம் தீவு எனப்படும்னு. ஒரு பக்கத்துத் தண்ணியையாச்சும் நான் தொட்டுப் பார்க்க வேண்டாமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "இது தீவும்மா. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்தான். அது எங்கேயும் ஓடிப் போகாது. நாளைக்குக் கார்ல சுத்திட்டு, கடைசியா நிதானமா கடலுக்குப் போவோம்" என்றேன்.

கவனியுங்கள் தம்பி, மறுக்கவில்லை. கடைசியாக, நிதானமாக என்றுதான் சொன்னேன்.

காரும் அப்போதுதான் வாங்கியிருந்தேன். சீட்டுக்கு மெரூன் நிறத்தில் வெல்வெட் கவர் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். நானும் மாப்பிள்ளையும் முன்னால். செண்பகமும் மனோன்மணியும் பின்னால்.

முதலில் என் மைத்துனர் முத்துவேல் வீடு. நீங்களும் காலையில் பார்த்தீர்களே, அதே வீடுதான். ஊருக்கு வந்துவிட்டு அவர் வீட்டுக்குப் போகவில்லை என்றால் பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார். அவருக்குச் சொந்தம் என்று இல்லை, விருந்தாளி யாருடைய விருந்தாளியாக இருந்தாலும் அவர் வீட்டுக்கு வர வேண்டும். கேசரி, மெதுவடை, காபி. பிறகு மகள் கல்யாண வீடியோ. மாப்பிள்ளை அழைப்பு முடிந்து முகூர்த்தம் வரைக்கும் பார்த்தோம். மனோன்மணிக்கு அதில் யாரையும் தெரியாது. ஆனாலும் முத்துவேல் ஒவ்வொருத்தரையும் நிறுத்தி நிறுத்தி அறிமுகம் செய்துவைத்தார். அந்த மனசு யாருக்கு வரும்?

அவர் வீட்டு ஷோகேஸைக் கவனித்தீர்களா? சங்கு, சோழி, முள்ளுச் சிப்பி. பக்கத்தில் கண்ணாடித் தொட்டியில் வரி வரியாக மீன். "கடலுக்குப் போனாலும் இவ்வளவு ஒரே இடத்துல பார்க்க முடியாது தங்கச்சி. இங்க நின்னா ஒரு நிமிஷத்துல முடிஞ்சுது" என்றார் முத்துவேல். பெரிய சங்கு ஒன்றை எடுத்து மனோன்மணி கையில் கொடுத்தார். "காதுல வச்சுக் கேளு, கடல் சத்தம் அப்படியே கேட்கும்."

அவள் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். நாங்கள் எல்லாரும் செருப்பு மாட்டின பிறகும் சங்கை இறக்கவில்லை. அவ்வளவு பிடித்துவிட்டது.

அடுத்து நான் வேலை பார்த்த கிடங்கு. உள்ளே விட மாட்டார்கள், வாசலில் இருந்தே காட்டினேன். நான் உட்கார்ந்த ஜன்னல் எது, அதற்கு முன்னால் உட்கார்ந்த ஜன்னல் எது, இடையில் சண்டை போட்டு வாங்கிய மின்விசிறி எது என்று விவரமாகச் சொன்னேன். வாட்ச்மேன் புது ஆள். பூமிநாதன் என்றால் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. அதை அவனுக்கு விளக்கிச் சொல்லவே நேரம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். கடைசியில், "ஃபேன் இன்னும் ஓடுதா மச்சான்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

அங்கிருந்து இங்கே, இந்த மனைக்கு. நான்கு கல்லையும் காட்டினேன். ஒவ்வொரு கல்லிலும் அவர்களை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தேன். மனோன்மணி இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற கல்லில்தான் நின்றாள். போட்டோவில் முகம் விழவில்லை, தோப்புப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அது கடல் சத்தம்தானே? நான் ஓடிப்போய் ஒரு நிமிஷம் பார்த்துட்டு வந்துடறேன்" என்றாள்.

"சம்பந்தி வீட்டுல இலை போட்டுட்டாங்க. நேரத்துக்குப் போகலைன்னா மரியாதையா இருக்குமா?" என்றேன்.

செண்பகம், "ஒரு நிமிஷம்தானேங்க" என்றாள். அவளுக்கு நேரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்த புதிதில் அவளும் இப்படித்தான், கடலுக்குப் போகலாம், கடலுக்குப் போகலாம் என்பாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் யார் வீட்டிலாவது காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா. போகப் போக அவளுக்கே அந்த ஆசை விட்டுப்போய்விட்டது. பக்குவம் வந்துவிட்டது. அதற்கப்புறம் கேட்டதே இல்லை.

சம்பந்தி ஆவுடையப்பன் வீடு நீர்ப்பரப்புக்கு அந்தப் பக்கம். காரோடு படகில் ஏறிப் போக வேண்டும். லாரி, பஸ், கார் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகிற பெரிய படகு. நாம் போகும்போது நீங்களும் பார்க்கலாம். பார்க்கலாம் என்றால், எங்கள் காருக்கு இரண்டு பக்கமும் அன்றைக்கு ஜல்லி லாரி. முன்னால் ஒரு வாட்டர் டேங்கர். மனோன்மணி கதவைத் திறக்கப் பார்த்தாள். நான்தான் பூட்டி வைத்தேன். ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கிறது. தவிர உப்புக்காற்று பட்டால் புதுக் கார் துருப்பிடிக்காதா?

"இப்ப நாம கடல் மேலதாம்மா போய்க்கிட்டிருக்கோம். நல்லா அனுபவி" என்று சொன்னேன்.

அவள் லாரிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தி வீட்டில் பிரமாதமான சாப்பாடு. அதைச் சொல்லிக்கொண்டே போனால் பொழுது போய்விடும். நீங்களே மத்தியானம் பார்க்கத்தானே போகிறீர்கள். சரி, இப்போது மத்தியானம் தாண்டிவிட்டது, அதனால் என்ன, சாயங்கால டிபனாக இருக்கட்டும். சாப்பிட்டு முடிந்ததும் மனோன்மணி மாடியில் இருந்த பாத்ரூமுக்குப் போனாள். போனவள் வரவே இல்லை. பாயசம் ஆறிவிட்டது. எங்கள் எல்லாருக்கும் கவலை. காலையில் சாப்பிட்ட வடைதான் வேலையைக் காட்டிவிட்டது என்று முடிவு செய்தோம். சம்பந்தியம்மா ஓமத் தண்ணீர் கொதிக்க வைத்தார். நான் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

"ஒண்ணும் இல்லண்ணே. வந்துட்டேன்" என்றாள். கதவைத் திறந்தபோது பார்த்தால், தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றிருக்கிறாள். மேலே சின்னதாக ஒரு வெண்டிலேட்டர். காற்றுக்காகத் தவித்திருக்கிறாள், பாவம். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. வயிற்று வலி என்றால் அப்படித்தான்.

"அங்கேருந்து என்ன தெரியுது?" என்று செண்பகம் அவளிடம் ரகசியமாகக் கேட்டாள்.

"நீல நிறத்துல ஒரு கோடு தெரியுது அண்ணி" என்றாள் மனோன்மணி.

பெண்கள் என்னென்னவோ பேசிக்கொள்வார்கள். பிறகு செண்பகமும் அந்தப் பாத்ரூமுக்குப் போனாள். அவளும் வர நேரமாகிவிட்டது. இரண்டு பேருக்கும் ஓமத் தண்ணீர் கொடுத்தோம்.

நான் ஒன்றும் கடலை மறக்கவில்லை. அதுதான் கடைசி என்று வைத்திருந்தேனே. சம்பந்தி வீட்டில் இருந்து கிளம்பி, படகுக்கு வரிசையில் நின்று, இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. இது கிழக்கே தள்ளி இருக்கிற தீவு தம்பி. இங்கே ஐந்து ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். தர்மபுரியில் ஆறரைக்கும் வெளிச்சம் இருக்கும் போலிருக்கிறது, அதே நினைப்பில் அவர்கள் இருந்திருக்கிறார்கள். "மணி ஆறுகூட ஆகலையேண்ணே, என்னண்ணே இது?" என்றாள். என்னிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

நீங்கள் ஏன் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள்? இன்னும் நேரம் இருக்கிறது. முத்துவேலின் தம்பி வீடு, அப்புறம் சம்பந்தி வீடு, அவ்வளவுதான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனோன்மணி இருட்டிப்போன ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளைதான் என்றைக்கும் இல்லாமல் வாயைத் திறந்தார். "டீச்சர், தீவுன்னா என்னன்னு சொல்லு பார்ப்போம்" என்றார், அவளைச் சிரிக்க வைக்கிற மாதிரி.

பின்சீட்டில் இருந்து மனோன்மணி சொன்னாள்: "நான்கு பக்கமும் சொந்தக்காரர்களால் சூழப்பட்ட நிலம் தீவு எனப்படும்."

எவ்வளவு அழகாகச் சொன்னாள் பார்த்தீர்களா? டீச்சர் என்றால் டீச்சர்தான். நான் அதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் மேடையிலேயே சொன்னேன். கைதட்டினார்கள்.

இவ்வளவும் செய்தேனா? ஒரு நாள் முழுக்கப் பெட்ரோல் போட்டு, ஏ.சி. போட்டு, ஒரு வீடு விடாமல் கூட்டிக்கொண்டு போனேனா? இதற்கு எனக்குக் கிடைத்தது என்ன என்று கேளுங்கள்.

மறுநாள் காலையில் கண் விழித்தேன். காபி வரவில்லை. கல்யாணமான நாளில் இருந்து நான் கண் விழித்தால் காபி வரும். கூப்பிட்டேன், பதில் இல்லை. எழுந்து போய்ப் பார்த்தால் அடுப்படியில் யாரும் இல்லை. மாப்பிள்ளை, மனோன்மணி படுத்த அறையும் காலி. பெட்டிகள் மட்டும் இருந்தன.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் அத்தை மகன் தவசி வீட்டுக்கு முதல் நாள் போக முடியவில்லை, அந்த ஒரு வீடுதான் விட்டுப்போயிருந்தது. சொல்லாமல் போனால் தவசி வருத்தப்படுவான் என்று மூன்று பேரும் விடியற்காலையில் கிளம்பியிருக்கிறார்கள். பரவாயில்லையே, மனோன்மணிக்குப் பொறுப்பு இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். தவசிக்குப் போன் செய்தேன். வரவில்லை என்றான். முத்துவேலுக்குச் செய்தேன்.

"இங்க வரலையே மச்சான். கல்யாண வீடியோல பந்தி சீன் பாக்கி இருக்குன்னு நானே அவங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார்.

காரை எடுத்துக்கொண்டு தேடப் புறப்பட்டேன். கடற்கரைச் சாலை வழியாகத் தவசி வீட்டுப் பக்கம் போகிறேன். நல்ல வெளிச்சம் வந்துவிட்டது. மணலில் ஒரு ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டித் தண்ணீருக்குள் மூன்று பேர். கையைக் கோத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று, அலை வரும்போதெல்லாம் குதிக்கிறார்கள். ஒரு ஆள் வேட்டியைத் தூக்கிக் கட்டியிருக்கிறார், மாப்பிள்ளை. ஒரு ஆள் மனோன்மணி. அது சரி, விருந்தாளிகள், ஆசைப்பட்டார்கள். மூன்றாவது ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்? செண்பகம்.

இத்தனை வருஷமாகத் தீவிலேயே இருக்கிறவள், கடலைப் பார்க்காதவளா?

ஹாரன் அடித்தேன். இன்னும் நீளமாக அடித்தேன். செண்பகம் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெயில் கண்ணில் பட்டிருக்கும், நான் என்று தெரிந்திருக்காது.

விமானத்துக்கு நேரமாகிறது என்று நானே இறங்கி மணல் வரை போய்க் கத்த வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் வந்தார்கள். எப்படி வந்தார்கள் தெரியுமா? சொட்டச் சொட்ட. ஆட்டோ என்னைப் பார்த்ததும் போய்விட்டது. மூன்று பேரும் அப்படியே என் காரில் ஏறினார்கள். மெரூன் வெல்வெட்டில். ஒரு வாரம்கூட ஆகாத வெல்வெட்டில். உப்புத் தண்ணீர், மணல், யாரோ பொறுக்கிக்கொண்டு வந்த சிப்பி. பெரிய மனுஷன் பேசக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

மனோன்மணிதான் பேசினாள். "அண்ணே, ஒரு பக்கம் பார்த்துட்டேன். இன்னும் மூணு பக்கம் இருக்கு" என்றாள்.

"அதை நான் பார்த்துக்கறேன்" என்றாள் செண்பகம். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. விமான நிலையத்தில் மனோன்மணி செண்பகத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னிடம், "வர்றேண்ணே" என்றாள். அவ்வளவுதான். ஒரு நாள் முழுக்க ஓட்டினது நான், கட்டிக்கொண்டது அவளை.

இப்போது சொல்லுங்கள், செருப்பைக் கழற்றச் சொன்னது தப்பா?

இன்னொரு அதிசயத்தைக் கேளுங்கள். அந்த மணல் இன்னும் போகவில்லை. முன்சீட்டில் போய்விட்டது. மனோன்மணி உட்கார்ந்த இடத்திலும் போய்விட்டது. செண்பகம் உட்காருகிற இடத்தில் மட்டும் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருக்கிறது. வெல்வெட் அப்படி, உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும் என்று மெக்கானிக் சொன்னான். அதுவும் செவ்வாய்க்கிழமை கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். செவ்வாய்க்கிழமைதான் அவள் பஸ்ஸில் முருகன் கோயிலுக்குப் போய் வருவாள், நான் பஸ் நிறுத்தத்தில் இருந்து காரில் அழைத்து வருவேன். இப்போதெல்லாம் பக்தி கூடிவிட்டது. வரும்போது புடவைக் கரையெல்லாம் ஈரமாக இருக்கும். கோயிலில் கால் கழுவத் தண்ணீர் வசதி நன்றாகச் செய்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

இருங்கள், முத்துவேலின் தம்பி போன் செய்கிறார். "வந்துக்கிட்டே இருக்கோம்ப்பா, மனையிலதான் இருக்கோம். காபியைக் கலந்திடாத, வந்ததும் கலக்கலாம்... ஆமா, வீடியோ எடுத்து வை."

வாருங்கள் கிளம்பலாம். என்ன, பெண்களை இன்னும் காணோம்? அந்தக் கோடிக் கல்லில் யாரும் இல்லையே. ஒரு கல்லைப் பார்க்க இவ்வளவு நேரமா? காருக்குள் உட்கார்ந்துவிட்டார்களோ என்னவோ.

காரிலும் இல்லை. ஆனால் மஞ்சள் பையில் இரண்டு ஜோடி செருப்பும் அப்படியே இருக்கிறது, பாருங்கள். மறந்துவிட்டு இறங்கிவிட்டார்கள். வெறுங்காலோடு எங்கே போயிருப்பார்கள்? தோப்புப் பக்கமா சிரிப்புச் சத்தம் கேட்கிறது? இரண்டு பேர் சிரிக்கிறார்கள். ஒன்று உங்கள் வீட்டம்மா. இன்னொன்று யார்? செண்பகம் அவ்வளவு சத்தமாகச் சிரிக்க மாட்டாளே.

தம்பி, நீங்கள் ஏன் ஷூவைக் கழற்றுகிறீர்கள்? காரில் ஏறும்போது கழற்றினால் போதும். தம்பி, கார் இந்தப் பக்கம் இருக்கிறது.